முகம் உண்டு, பெயர் இல்லை
பழைய நிழற்படங்களும் கடலூர், சிதம்பரம் நகர்களின் அன்றாட வாழ்வும்

பழைய நிழற்படம் ஒன்று கைக்குக் கிடைத்தால் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். "ஆகா, அந்தக் காலம்!" என்று பெருமூச்சு விடுகிறோம், அல்லது படத்தின் நடுவே அமர்ந்திருக்கும் பெரியவரை இன்னார் என்று அடையாளம் கண்டு மகிழ்ந்து, படத்தை மீண்டும் அலமாரியில் வைத்துவிடுகிறோம். கவிதையையும் சிறுகதையையும் வரி வரியாக ஆய்ந்து நோக்கப் பழகியுள்ள நாம், நிழற்படத்தை அவ்வாறு வாசிப்பதில்லை. கருவி எடுத்த படம்தானே, அதில் திறனாய்வுக்கு என்ன இடம் என்று எண்ணுகிறோம். உள்ளதை உள்ளவாறே காட்டும் கண்ணாடி என்று அதனை நம்பிவிடுகிறோம்.

இந்த நம்பிக்கையைச் சற்றே உரசிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். கடலூரும் சிதம்பரமும் நமக்கு அணித்தாக உள்ள இரு நகர்கள். முன்னது கோட்டையாலும் துறைமுகத்தாலும் பெயர்பெற்றது. பின்னது கோயிலாலும் 1929ஆம் ஆண்டு தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாலும் புகழ்பெற்றது. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இந்நகர்களில் திருவிழா இல்லாத ஒரு சாதாரண நாள் எப்படி இருந்திருக்கும்? விடியலில் தண்ணீர் எடுத்தவர் யார்? கடைத்தெருவில் என்ன விற்றது? உழைத்துக் களைத்தவர் எந்தத் திண்ணையில் சாய்ந்தார்? இவ்வினாக்களுக்குப் பழைய படங்கள் விடை தருமா? ஓரளவு தரும். ஆனால் அவ்விடை படத்தின் நடுவில் இல்லை. தேடிப் பெற வேண்டிய ஒன்றாக ஓரங்களில் கிடக்கிறது. அதைத் தேடும் கற்பனைக்கும் ஓர் ஒழுக்கம் வேண்டியிருக்கிறது.

அசையாதவையே பதிந்தன

நிழற்படக் கலை 1839ஆம் ஆண்டு பாரிசு நகரில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, அக்கலையின் தந்தையருள் ஒருவரான தகேர் என்பார் அந்நகரின் பெருவீதி ஒன்றை உயரத்திலிருந்து படம் எடுத்தார். வண்டிகளும் மக்களும் இடையறாது செல்லும் வீதி அது. படத்திலோ வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. தகட்டில் ஒளி பதியப் பல நிமிடங்கள் ஆனமையால், நகர்ந்துகொண்டிருந்தவை யாவும் தடமின்றி மறைந்தன. தெருமுனையில் ஒருவர் மட்டும் தெளிவாகத் தெரிகிறார். அவர் தம் காலணிக்கு மெருகேற்றிக்கொள்வதற்காகக் காலை நீட்டியபடி அசையாமல் நின்றவர். குனிந்து மெருகேற்றிய தொழிலாளியோ கலங்கிய நிழலாக மட்டுமே மிஞ்சியிருக்கிறார். நிழற்படத்தில் பதிந்த முதல் மனிதர் என்று கருதப்படுபவர் பணிவிடை பெற்றவர். பணிவிடை செய்தவர் கை அசைந்துகொண்டே இருந்ததால் மங்கிப்போனார். அக்கலையின் தொடக்கத்திலேயே நேர்ந்த இந்தத் தற்செயல், அதன் பிற்கால வரலாற்றுக்கு ஒரு முன்குறிப்புப் போல அமைந்துவிட்டது.

தமிழகத்துக்கு இக்கலை விரைவிலேயே வந்து சேர்ந்தது. 1856ஆம் ஆண்டிலேயே சென்னையில் நிழற்படக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. அதே காலத்தில் லினேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி சென்னை அரசின் நிழற்படக் கலைஞராகப் பணியேற்று, 1857, 1858ஆம் ஆண்டுகளில் திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைப் படமெடுத்தார். மெழுகு பூசிய தாளில் எடுக்கப்பட்ட அப்படங்களின் நேர்த்தி இன்றும் வியப்பளிக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அவர் ஆக்கினார். கல்வெட்டு ஆய்வுக்கு அவர் செய்த தொண்டு மறுக்க முடியாதது.

ஆயினும் அவர் காட்டும் தமிழகத்தில் ஆள் அரவம் மிக அரிது. மண்டபங்களில் காற்று வீசுவதுபோல் தோன்றுகிறது; மனிதக் குரல் கேட்பதில்லை. படம் பதிய நேரம் எடுத்தது ஒரு காரணம். கட்டடக் கலையைப் பதிவுசெய்வதே பணி என்று கருதியது மற்றொரு காரணம். இவ்விரண்டும் சேர்ந்து, "இங்கே ஒரு காலத்தில் பெரிய நாகரிகம் இருந்தது, இன்று கல் மட்டுமே மிஞ்சியிருக்கிறது" என்ற பொய்த் தோற்றத்தைப் பார்ப்பவர் உள்ளத்தில் விதைத்தன. கலையாக நோக்கினால் டிரைப்பின் படங்கள் உயர்ந்தவை. வாழ்க்கைச் சான்றாக நோக்கினால் வறியவை என்றே சொல்ல வேண்டும்.

சிதம்பரத்தின் பழைய படங்களுக்கும் இம்மதிப்பீடு பொருந்தும். அவற்றுள் மிகுதியும் காணக்கிடைப்பவை சிவகங்கைத் தீர்த்தக் குளமும், அதன் பின்னே எழுந்து நிற்கும் கோபுரமும், மண்டபத் தூண்களும்தான். குளப்படிக்கட்டில் ஓரிருவர் அமர்ந்திருந்தாலும், அவர்கள் கோபுரத்தின் உயரத்தைக் காட்டுவதற்கான அளவுகோலாகவே பயன்பட்டிருக்கிறார்கள். தேரோடும் நான்கு வீதிகளின் அன்றாடச் சந்தடி, பூத்தொடுப்போரின் விரல்வேகம், தீட்சிதர் வீட்டுத் திண்ணைகளின் பேச்சு, மாட்டுவண்டிக்காரரின் அதட்டல் ஆகிய எதுவும் அங்கே இல்லை.

இங்கே நாம் கேட்க வேண்டிய கடுமையான வினா ஒன்று உண்டு. இப்படத்தை எடுக்கக் கருவி எங்கே நின்றது? குளத்தைச் சூழ்ந்த திருச்சுற்றுக்குள் நின்றது. ஐரோப்பியரின் கருவிப்பெட்டியும் முக்காலியும் சென்ற அவ்விடத்தில், சிதம்பரத்தைச் சுற்றியுள்ள சேரிகளில் வாழ்ந்த மக்கள் கால் வைக்க முடியாது. 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம் வரும்வரை நிலைமை அதுவே. நந்தனார் கதை பிறந்து வளர்ந்த மண் அது; சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டு நந்தனார் பெயரால் கல்விக் கழகம் தொடங்கிய ஊரும் அதுவே. ஆகவே அப்படங்களில் மக்கள் இல்லாமைக்குக் கருவியின் மெத்தனம் மட்டும் காரணம் அன்று. சிலர் அசைந்ததால் பதியவில்லை. வேறு சிலர் அனுமதிக்கப்படாததால் பதியவில்லை. படத்தை வாசிப்பவர் இவ்விரு வெற்றிடங்களையும் வேறுபடுத்தி அறிய வேண்டும்.

வகைப்பெயர் பெற்ற முகங்கள்

மக்களையே படமெடுத்தவர்களும் இருந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரி என்பாரின் துணையுடன் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909ஆம் ஆண்டு ஏழு தொகுதிகளை வெளியிட்டார். அவற்றில் நிழற்படங்கள் பல உள்ளன. உடை, அணிகலன், தொழிற்கருவி, முடி முடியும் முறை ஆகியவற்றை அறிய அவை பெருந்துணை புரிவன. ஆனால் படத்தின் அடியில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் சாதிப் பெயர் மட்டுமே இருக்கும். தாய் தந்தையர் இட்ட பெயர், ஊர், வயது எதுவும் இராது. மனிதரின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்த தர்ஸ்டனுக்கு, அம்மனிதர் ஒரு வகைமாதிரி. தமக்கென ஒரு கதை உள்ளவராக அவர் அங்கே தோன்றவில்லை.

இதைவிட நெஞ்சை உறுத்துவது 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தின் படங்கள். தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுக்கத்தோடு நினைவுகூர்ந்த அக்கொடுமை தென்னார்க்காட்டையும் விட்டுவைக்கவில்லை. வில்லோபி ஹூப்பர் என்ற படை அதிகாரி, சென்னை மாகாணத்தில் எலும்பும் தோலுமாய் இருந்தவர்களைக் குழுக்குழுவாக அமர்த்தியும் நிறுத்தியும் படமெடுத்தார். பின்னர் 1886ஆம் ஆண்டு பர்மாவின் மாண்டலேயில் மரண தண்டனை நிறைவேற்றப்படும் கணத்தைப் படமெடுக்க முயன்று கண்டனத்துக்கு உள்ளானவரும் அவரே. பஞ்சப் படங்களில் உள்ளவர்கள் கருவியை நேராக நோக்குகிறார்கள். அந்நோக்கு நம்மையும் ஊடுருவுகிறது. ஆயினும் அவர்களுள் ஒருவரையேனும் பெயர் சொல்லி அழைக்க நமக்கு வழியில்லை. முகம் உண்டு, பெயர் இல்லை.

பெயர் உண்டு, முகம் இல்லை

இதற்கு நேர்மாறான ஓர் ஆவணம் நம் பங்குகளில் உறங்குகிறது. திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடுகள் வைத்திருக்க வேண்டும் என்றும், பழைய ஏடுகளைக் கவனமாகப் பாதுகாக்க வேண்டும் என்றும் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் பிரிவு பங்குத்தந்தையரைப் பணிக்கிறது. மேற்சொன்ன பஞ்சக் காலத்தில் புதுவை மிஷனில் பல்லாயிரவர் திருமுழுக்குப் பெற்றனர். ஹூப்பரின் கருவி முகத்தை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிட்ட அதே ஆண்டுகளில், எழுத்தாணியைவிடச் சற்றே மேம்பட்ட பேனா ஒன்றால் குருக்கள் பெயரை எழுதினர். முகத்தை எழுத அவர்களால் இயலவில்லை. சவரிமுத்து, இராயப்பன், அருளாயி, மரியாயி என ஒரு பெயர், பெற்றோர் பெயர், ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயர், ஊர், நாள், கையொப்பம். ஒரு மனிதருக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி.

இவ்வேடுகளை வறண்ட பட்டியல் என்று ஒதுக்குவோர் உளர். ஆனால் அன்றாட வாழ்வைக் கற்பனை செய்ய விரும்புவோருக்கு அவை பொற்சுரங்கம். இறப்புப் பதிவேட்டை மாதவாரியாக எண்ணிப் பார்த்தால் கொள்ளைநோய் எந்த மாதத்தில் ஊருக்குள் நுழைந்தது என்று விளங்கும். ஒரே நாளில் ஒரே வீட்டில் இரு குழந்தைகள் அடக்கம் செய்யப்பட்டிருந்தால், அந்த இரு வரிகளுக்கு இடையில் எத்துணை அழுகை ஒலித்திருக்கும் என்று உணரலாம். திருமணப் பதிவேட்டில் மணமகளின் ஊரைக் குறித்துக்கொண்டே போனால், கடலூர்ப் பழைய நகரத்துக் குடும்பங்கள் எவ்வெவ்வூர்களோடு கொள்வினை கொடுப்பினை வைத்திருந்தன என்னும் வரைபடமே கிடைத்துவிடும்.

அன்றாட வாழ்வு இவ்விரு வகை ஆவணங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இருக்கிறது என்பதே என் துணிபு. நிழற்படத்தை மட்டும் நோக்கினால் பெயரற்ற கூட்டத்தைக் காண்போம். ஏட்டை மட்டும் நோக்கினால் உருவமற்ற பெயர்களைக் காண்போம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் கற்பனைக்கு ஊன்றிநிற்க நிலம் கிடைக்கிறது.

கருவி வருமுன் கடலூர்

கடலூரைப் பொறுத்தவரை ஒரு தனிச் சிக்கல் உண்டு. அந்நகரம் உலக வரலாற்றின் நடுமேடையில் நின்ற காலம் நிழற்படக் கலைக்கு முந்தியது. செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கும்பினியார் 1690ஆம் ஆண்டு தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினர். 1746ஆம் ஆண்டு சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியபின் சில ஆண்டுகள் சோழமண்டலக் கரை ஆங்கிலேயருக்குத் தலைமையிடமாக இருந்ததும் அக்கோட்டையே. 1758ஆம் ஆண்டு லாலி அதனைப் பிடித்துத் தகர்த்தார். நிழற்படக் கருவி உலகுக்கு அறிமுகமாக அதன்பின் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆகவே புனித தாவீது கோட்டையின் வாழ்நாளுக்கு ஒரு நிழற்படமும் இருக்க முடியாது. இடிபாடுகளுக்கு மட்டுமே இருக்கும்.

ஆனால் நிழற்படம் இல்லாத இடத்தில் ஊர்ப்பெயர் சான்று பகர்கிறது. கோட்டையை விற்றபோது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவு வரையுள்ள நிலமும் விற்பனையில் அடங்கும் என்பது உடன்படிக்கை. அவ்வாறு எல்லைக்குள் வந்தவை குண்டு கிராமங்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. அப்பெயரைச் சொல்லிக் கண்ணை மூடிப் பாருங்கள். ஆங்கிலேயர் நூல்கள் இந்நிகழ்ச்சியைச் சாமர்த்தியமான வணிகமாகப் பேசும். நம் கற்பனையோ வயலில் நின்ற உழவனின் பக்கம் செல்ல வேண்டும். வானத்தில் ஓர் இரைச்சல். சேற்றில் ஒரு குண்டு. அன்று மாலைமுதல் அவன் வரி கட்டவேண்டிய துரை மாறிவிட்டார். அவனைக் கேட்டவர் எவரும் இலர்.

எழுத்தும் துணை நிற்கிறது. புதுவை ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் இப்பகுதியின் போர், வாணிகம், வதந்தி, வழக்கு எல்லாம் உயிரோடு உலவுகின்றன. 1745ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று நமக்கு மிக வேண்டியது. புதுவைச் சம்பா கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்துவைக்க ஒரு சுவர் இருந்ததையும், அவர்கள் குருவானவரிடம் முறையிட்டபின் அச்சுவர் இடிக்கப்பட்டதையும், அதனால் சாதிக் கிறிஸ்தவர்களிடையே எழுந்த கொந்தளிப்பையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். சிதம்பரத்துத் திருச்சுற்றில் யார் நிற்க முடியவில்லை என்று சற்றுமுன் பேசினோம். பிறர் வீட்டுச் சுவரைச் சுட்டிக்காட்டிவிட்டு நாம் நழுவிவிடலாகாது என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறேன். நம் கோவில்களின் பழைய படங்களும் முகப்பையும் மணிக்கூண்டையும் பீடத்தையும்தான் காட்டுகின்றன. உள்ளே யார் எங்கே முழந்தாளிட்டார், எவ்வாயில் வழியாக யார் வந்தார் என்பதை அவை காட்டுவதில்லை. கோவிலுக்கு வெளியே இருந்து பார்த்த ஒருவரின் பேனாதான் அதைச் சொல்கிறது.

பின்னர் வந்த அரசாங்க நூல்களும் கைகொடுக்கின்றன. 1878ஆம் ஆண்டு கார்ஸ்டின் எழுதிய தென்னார்க்காடு மாவட்டக் கையேடும், 1906ஆம் ஆண்டு பிரான்சிஸ் எழுதிய மாவட்ட விவரச்சுவடியும் துறைமுகம், பயிர், நெசவு, சந்தை பற்றி விரிவாகப் பேசுகின்றன. கடலூரில் பெருங்கப்பல்கள் கரையணைய இயலாது. கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குச் சரக்கைத் தோணிகளே கொண்டு சென்றன. மணிலாக் கொட்டை என்பது இங்கே மல்லாக்கொட்டை ஆகி, தென்னார்க்காட்டு மானாவாரி நிலமெங்கும் பரவி, புதுவை வழியாகப் பிரான்சு நாட்டு எண்ணெய் ஆலைகளுக்குப் பயணமாயிற்று. இவற்றை அறிந்தபின் துறைமுகத்தின் பழைய படம் ஒன்றைப் பார்த்தால், கரையில் கறுத்த புள்ளிகளாகத் தெரிபவர்கள் மூட்டை சுமப்போர் என்று விளங்கும். அவர்கள் முதுகில் இருப்பது எது, அது யார் வீட்டு விளக்குக்கும் சோப்புக்கும் போகிறது என்றும் தெரியும்.

இலக்கியத்தையும் மறவாதிருப்போம். புதுமைப்பித்தன் 1906ஆம் ஆண்டு பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் 1934ஆம் ஆண்டு பிறந்தது மஞ்சக்குப்பத்தில். சிதம்பரத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர் மௌனி. அவருடைய 'அழியாச்சுடர்' சிறுகதையில் வரும் கோயில் எவ்வூரினது என்று சொல்லப்படவில்லை. ஆனால் கருங்கல் மண்டபத்து இருளும், தூணில் நிற்கும் யாளியும் மனித மனத்தை என்ன செய்யும் என்பதை அக்கதை உணர்த்துகிறது. நிழற்படம் தூணைத் தந்தது. தூணருகே நின்றவரின் நடுக்கத்தை எழுத்து தந்தது.

ஸ்டுடியோவில் நுழைந்த வாழ்வு

தமிழரே தமிழரை எடுத்த படங்களுக்கு வருவோம். புதுவைப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கோயில்களையும் சிற்பங்களையும் பதிவுசெய்த அதன் பெரும் படத்தொகுப்பு ஆய்வாளர் பலரும் அறிந்தது. அண்மைக்காலத்தில் அங்குள்ள ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்மமாக்கியிருப்பது மிகவும் பாராட்டத்தக்கது. கோபுரத்திலிருந்து குடும்பத்துக்கு ஆய்வின் பார்வை இறங்கிவந்திருக்கிறது.

ஸ்டுடியோப் படம் அன்றாட வாழ்வுக்கு எதிரானது என்று தோன்றலாம். தைத்த திரைச்சீலையில் ஐரோப்பிய மாளிகை; பக்கத்தில் பூச்சாடி; மேசைமேல் வானொலிப் பெட்டி அல்லது தொலைபேசி; இரவல் கோட்டு; கைக்கடிகாரம் தெரியும்படி மடித்துவிட்ட சட்டைக்கை. கணவர் நாற்காலியில் இருக்க மனைவி அருகில் நிற்கிறார். எல்லாமே ஏற்பாடு. ஆயினும் அவ்வேற்பாட்டின் கிழிசல் வழியே வாழ்க்கை எட்டிப் பார்க்கிறது. கோட்டு அணிந்தவரின் காலில் செருப்பு இல்லை. பட்டுப் புடவையின் மடிப்புத் தடம், அது பெட்டியிலிருந்து அன்றைக்குத்தான் எடுக்கப்பட்டது என்று காட்டுகிறது. குழந்தை அசைந்துவிட்டதால் அதன் முகம் மட்டும் கலங்கியிருக்கிறது. அதை அடக்கப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டிருக்கிறது. வானொலி அவர்களுடையது அன்று. அதற்கான ஏக்கம் அவர்களுடையது. ஏக்கமும் வரலாறுதான்.

மற்றொரு வகை, குழுப்படம். பள்ளி விடைபெறு விழா, பல்கலைக்கழகச் சங்கம், ஆயர் வருகை, புதுநன்மை விழா என எதுவாயினும் ஒரே இலக்கணம். முதல் வரிசையில் நாற்காலிகள், தரையில் சமுக்காளத்தில் சிறுவர், பின்னே நிற்போர். அடியில் "அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம்" என்று பெயர்கள். பட்டியல் முதல் வரிசையில் நிறைவாகவும், இரண்டாம் வரிசையில் முதலெழுத்துகளோடு மட்டும் சுருக்கமாகவும் இருக்கும். கடைசி வரிசையில் பல நேரம் அறவே இராது. இரு ஓரங்களிலும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் நிற்பார். அவர் கடைநிலை ஊழியராகவோ, சமையற்காரராகவோ, மணி அடிப்பவராகவோ இருக்கலாம். அந்த நாற்காலிகளை அடுக்கியவர் அவரே. பட்டியலில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். தர்ஸ்டன் செய்ததையே நாமும் நம் விழாக்களில் செய்துவந்திருக்கிறோம் என்பது புலப்படும்.

கற்பனையின் ஒழுக்கம்

அப்படியானால் பழைய படத்தை எவ்வாறு வாசிப்பது? முதலில் நடுவை விட்டு ஓரத்துக்குச் செல்ல வேண்டும். நிழலின் நீளம் காலையா நண்பகலா என்று சொல்லும். பின்சுவரிலுள்ள விளம்பரத் தாள் ஆண்டைச் சொல்லும். மின்கம்பி இருக்கிறதா இல்லையா என்பதும் காலத்தை வரையறுக்கும். மதில்மேல் உலரும் துணி அங்கே குடியிருப்பு உண்டு என்று காட்டிக்கொடுக்கும். அடுத்து, கருவி எங்கே நின்றது, அதைக் கையாண்டவர் யார், அங்கே நிற்க அவருக்கு உரிமை அளித்தவர் யார் என்று கேட்க வேண்டும். இறுதியாக, இங்கே இருந்திருக்க வேண்டியவர் யார் இல்லை என்று கேட்க வேண்டும். இக்கேள்விகளுக்குப் பின்னரே கற்பனை தொடங்கலாம். கற்பனை சொல்லும் ஒவ்வொன்றுக்கும் ஏடோ நூலோ ஊர்ப்பெயரோ முதியவர் நினைவோ சான்றாக நிற்க வேண்டும். சான்று கிடைக்காத இடத்தில் கற்பனை தன் குரலைத் தாழ்த்திக்கொள்வதே பண்பு.

பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலன் பார்த் 1980ஆம் ஆண்டு வெளியிட்ட நிழற்படம் பற்றிய நூலில், தம் மறைந்த தாயைச் சிறுமியாகக் காட்டும் பழைய படம் ஒன்றைப் பற்றி நெஞ்சுருக எழுதுகிறார். ஆனால் அப்படத்தை அவர் நூலில் அச்சிடவில்லை. தமக்கு மட்டுமே அது பொருளுடையது, பிறருக்கு அது எண்ணற்ற படங்களுள் ஒன்று என்பது அவர் கருத்து. அவருடைய துயரத்துக்குத் தலைவணங்கலாம். எனினும் நாம் இங்கே அவரோடு முழுதும் உடன்பட இயலாது. அயலார் ஒருவரின் தாயும் நமக்குப் பொருளுடையவர் ஆக முடியும் என்பதுதான் மனித உறவின் அடிப்படை. அதற்கு அவர் பெயர் தெரிய வேண்டும். அவர் எவ்வூரில் எதைச் செய்து வாழ்ந்தார் என்று ஓரளவேனும் தெரிய வேண்டும்.

இவ்வொழுக்கம் முன்னெப்போதையும்விட இன்று தேவைப்படுகிறது. கைப்பேசிகளில் "அக்காலப் படங்கள்" நாள்தோறும் வலம்வருகின்றன. பலவற்றுக்குக் கணினியே வண்ணம் தீட்டியிருக்கிறது. முன்பு ஸ்டுடியோக்காரர் தூரிகையால் வண்ணம் ஏற்றியபோது, புடவை என்ன நிறம் என்று வீட்டாரைக் கேட்டறிய வழி இருந்தது. கணினி யாரையும் கேட்பதில்லை, ஊகிக்கிறது. இதற்கும் ஒருபடி மேலாக, செயற்கை நுண்ணறிவு இல்லாத கடைத்தெருவை, இல்லாத மக்களோடு நொடியில் இயற்றித் தருகிறது. மங்கலும் கீறலும்கூட அதில் அளவாகச் சேர்க்கப்பட்டிருக்கும். அழகாகத்தான் இருக்கிறது, பார்ப்பவர் கண்ணீரும் விடுகிறார். ஆனால் ஹூப்பரின் படத்தில் இருந்தவருக்கு ஒரு பெயர் இருந்தது, அது எழுதப்படவில்லை. கணினியின் படத்தில் இருப்பவருக்கோ பெயரே இருந்ததில்லை. பசித்தவராக அவர் வாழவில்லை, மகிழ்ந்தவராகவும் வாழவில்லை. அவருக்காக உருகப் பழகிய உள்ளம், உண்மையில் வாழ்ந்து மறைந்தவரின் ஏட்டு வரியைத் தேடிச் செல்லும் பொறுமையை இழந்துவிடக்கூடும் என்பதே என் கவலை.

நம் கையில் உள்ளவை

சிலுவைப் பாதையின் ஆறாம் நிலையில் வெரோணிக்காவை நினைவுகூர்கிறோம். நற்செய்தி நூல்களில் அவர் பெயர் இல்லை. மரபு அவருக்கு ஒரு பெயரைத் தந்து காத்திருக்கிறது. கூட்டத்தில் ஒரு முகத்தைக் கண்டு, நெருங்கிச் சென்று, துடைத்தவர் அவர். பழைய படத்தில் உள்ள பெயரற்ற முகத்தை நெருங்குவதும் அத்தகைய ஓர் அறச்செயலே என்று எனக்குத் தோன்றுகிறது.

கடலூர்க் கரையில் இதற்கு அவசரமும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோதிக்குப்பம் முதலிய மீனவக் குப்பங்களில் புகுந்தது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கூரைகளைப் பெயர்த்தது. 2015ஆம் ஆண்டின் இறுதியில் வெள்ளம் மாவட்டத்தையே மூழ்கடித்தது. மூன்று முறையும் வீடுகளில் நீரோடு போனவற்றுள் சுவரில் மாட்டியிருந்த திருமணப் படமும், பெட்டியிலிருந்த பாட்டியின் ஒரே படமும் அடங்கும். இழப்பீட்டுப் பட்டியலில் இவற்றுக்கு இடம் கிடையாது.

எஞ்சியவற்றையாவது காப்போம். படத்தின் பின்புறத்தில் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். ஒட்டும் தாளுள்ள ஆல்பங்கள் நாளடைவில் படத்தைக் கெடுக்கும், அவற்றைத் தவிருங்கள். வெள்ளத்தில் நனைந்த படத்தை நல்ல தண்ணீரில் மெல்ல அலசி, முகம் மேலாக நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் இட வேண்டாம். பங்கின் பழைய குழுப்படங்களை முதியவர்களிடம் கொண்டு சென்று, முதல் வரிசையை விட்டுவிட்டு, ஓரத்தில் நிற்பவரிலிருந்து தொடங்கிப் பெயர் கேளுங்கள். இளைஞர் இயக்கத்தினர் ஒரு மழைக்காலத்தில் செய்து முடிக்கக்கூடிய பணி இது.

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று நாம் பூவோடும் மெழுகுதிரியோடும் சென்று, கல்லில் உள்ள பெயர்களை வாசிக்கிறோம். இவ்வாண்டு அதற்கு முந்தைய மாலை வீட்டிலுள்ள பெட்டியைத் திறந்து, அப்பெயர்களுக்குரிய முகங்களைத் தேடி எடுத்து, பிள்ளைகளிடம் காட்டி, இவர் இன்னார், இன்ன தொழில் செய்தார், இன்ன தெருவில் வாழ்ந்தார் என்று சொல்லுங்கள். பெயர் தெரியாத முகம் ஒன்று அங்கே இருந்தால், அதை அறிந்த முதியவர் ஒருவர் இன்னும் உயிரோடிருக்கும்போதே அவரிடம் போய்க் கேளுங்கள்.